தர்க்கோனியோவுக்கு விடுதலை

ஆகஸ்ட் பதினைந்தில் எங்கள் ஊர்த் தர்க்கோனியோ விழா வந்துவிட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. இந்த வருஷமும் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து, "எர்சீலியா அம்மா, முன்வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டிருக்கோம், கட்டாயம் வரணும்" என்று தேன் ஒழுகப் பேசினாள். போனேன். என்ன கண்றாவி அது! தர்க்கோனியோவாக வேஷம் கட்டியவன் ரோமிலிருந்து கூலிக்கு வந்த நடிகன். சிப்பாய்களுக்குப் பிளாஸ்டிக் கவசம். தீர்ப்புச் சொல்ல ஊரார் யாரும் வேண்டாமாம். சுற்றுலா வந்தவர்கள் கைப்பேசியில் எதையோ அழுத்தினார்கள். மேயரோ என் பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடிகன் சதுக்கத்து நீர்த்தொட்டியில் விழுந்ததும் முதல் ஆளாகக் கைதட்டினார். கைதட்ட வேண்டிய ஆளா அவர்? விழ வேண்டிய ஆள்! அவர் தட்டி முடிப்பதற்குள் நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் நாளில் இந்த ஃபோந்தெகாவா ஊரில் மேயர்தான் தர்க்கோனியோ. யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவர்தான் அந்த வேஷத்தைக் கட்ட வேண்டும். காய்ச்சல், கால்வலி, மாமியார் சாவு என்று எந்தச் சாக்கும் செல்லாது. மேயர் மேடை ஏறாமல் போனதற்குக் காரணமே என் தம்பி துயீலியோதான். அவன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் இந்தத் தேதியில் அவனை நினைக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

தர்க்கோனியோ யாரென்று கேட்டால் எங்கள் ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். ரோமாபுரியில் செனட்டும் தேர்தலும் இருந்த காலத்து ஆள். ஓட்டுக் கேட்டு வந்தபோது சுண்ணாம்பு தேய்த்து வெளுத்த டோகா என்னும் நீள அங்கியைப் போர்த்திக்கொண்டு தெருத் தெருவாக நடந்தானாம். பின்னாலேயே ஓர் அடிமை, எதிரே வருகிறவர்களின் பேரை அவன் காதில் ஓதிக்கொண்டே வருவானாம். கேட்டவனுக்கெல்லாம் விருந்து, ஒயின், கத்திச்சண்டை வேடிக்கை. ஜெயித்து எங்கள் ஊற்றுக்கால்வாய்க்கு அதிகாரியாக வந்ததும், மண்ணுக்கடியில் கால்வாயில் துளை போட்டு, பணக்காரர்களின் தோட்டங்களுக்குத் தண்ணீரை விற்றுவிட்டான். ஊர் நாக்குத் தொங்கிக் கிடந்தது. கடைசியில் ஜனங்கள் அவனைப் பிடித்துச் சதுக்கத்தில் நிறுத்தி, விசாரித்து, மொச்சைக்கொட்டை போட்டுத் தீர்ப்புச் சொல்லி, தொட்டியில் முக்கி எடுத்தார்களாம். நிஜமாக நடந்ததோ, எந்த வேலையற்றவன் கட்டிவிட்டதோ, எனக்குத் தெரியாது.

ஆனால் விழா நிஜம். வருஷத்துக்கு ஒரு நாள் சதுக்கத்தில் மேடை போட்டு, மேயரை நிறுத்தி, தர்க்கோனியோ என்று அழைத்து, அவரவர் வயிற்றெரிச்சலைக் கொட்டலாம். தர்க்கோனியோவைத்தானே கேட்கிறோம், மேயரையா கேட்கிறோம்? மேயர் கோபித்துக்கொள்ளக் கூடாது, மறுக்கவும் கூடாது. பிறகு ஒவ்வொருவராகப் போய் மண்ஜாடியில் ஒரு மொச்சை போட வேண்டும். கறுப்பு என்றால் குற்றவாளி, வெள்ளை என்றால் விடுதலை. வெள்ளை மொச்சை விழுந்து யாரும் பார்த்ததில்லை. சும்மா சம்பிரதாயத்துக்காக ஒரு கூடை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்ததும் ஐந்தாறு பேர் மேயரைக் கைகால் பிடித்துத் தூக்கி, ஆட்டி, தொட்டிக்குள் வீசுவார்கள். அவர்களே கைகொடுத்து வெளியே இழுத்துப் போடுவார்கள். பிறகு சதுக்கம் முழுக்க நீள மேஜை, முழுப்பன்றி வறுவல், சோம்புக்கீரை வாசனை, குளிர்ந்த வெள்ளை ஒயின். தலைமாட்டில் சொட்டச் சொட்ட மேயர். அதற்கப்புறம் அந்த வருஷத்துக் குற்றத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தொட்டியோடு போச்சு. அதுதான் எங்கள் சட்டம்.

என் தம்பி முதன்முதலில் மேடை ஏறியபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா போனபோது அவன் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பையன். சதுக்கத்தில் இருந்த எங்கள் காபிக்கடையில் நான் கோப்பை கழுவிக்கொண்டே அவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அப்படிப்பட்ட பயல் ஊருக்கே மேயர்! டோகா என்ற பேரில் என் கல்யாணப் படுக்கை விரிப்பைத்தான் அவனுக்குச் சுற்றிவிட்டேன். வழக்கு நடத்தியவன் வாஸ்கோ. கறிக்கடைக்காரன், இடிபோன்ற குரல், துயீலியோவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

"டேய் தர்க்கோனியோ!" என்று அவன் கத்தியதும் புறாக்கள் பறந்தன. "ரோமாபுரி ராஜபாட்டைக்கு உன் மாமனார் வீட்டு வாசல் வரைக்கும் தார் போட்டியே! அதோட தார் தீந்துபோச்சா, இல்ல வெக்கம் தீந்துபோச்சா?"

"ரெண்டுந்தாண்டா!" என்றான் என் தம்பி. "அப்பவும் மாமியார் திட்டுறா, தாருல அவ செருப்பு ஒட்டிக்கிச்சாம்!"

சதுக்கமே குலுங்கியது. காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒலிந்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "எம் மவனுக்குத் தபாலாபீசுல வேலைன்னு சொல்லி எங்க வீட்டு ஓட்டு அத்தனையும் வழிச்சு எடுத்துட்டுப் போனியே, அந்த வேலை எங்கடா?"

"ரோமிலேருந்து கழுதை மேல வந்துட்டிருக்கு ஒலிந்தா! கழுதை வழியில இன்னொருத்தன் வீட்டுல நின்னுடுச்சு போல!"

விழுந்தான், எழுந்தான், சாப்பிட்டான். அடுத்த வாரமே தார்வண்டி தெருவின் மறுமுனைக்கு வந்தது. அப்படித்தான் அந்த ஊர் ஓடியது. நாங்கள் ஒன்றும் புனிதர்கள் இல்லை. எல்லோருக்கும் யாரோ ஒருவர் மூலமாக ஏதோ ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. திருட்டு இருந்தது. ஆனால் திருடியவன் வருஷத்துக்கொரு முறை எங்கள் முகத்துக்கு நேரே நின்றான். நனைந்த விரிப்போடு துயீலியோ வாஸ்கோவின் தோளில் கைபோட்டுக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்கள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை, பொய் சொல்வானேன்.

அவனுக்குக் காதில் பேர் ஓத ஆள் தேவைப்படவில்லை. ஊரில் நாய்களின் பேர்கூட அவனுக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பிறகு தாங்க்ரேதி வந்தான். ரோமில் பெரிய கட்டடக்காரன். ஊருக்கு மேலே ஆலிவ் மேட்டை வளைத்து வாங்கி, வரிசையாகப் பங்களாக்கள் கட்டினான். ரோமிலிருந்து வக்கீல்களும் டாக்டர்களும் கோடைக்கு வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு பங்களாவுக்கும் ஒரு நீச்சல்குளம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அங்கே வீடு பெருக்கும் வேலை, ஆண்களுக்குப் புல் வெட்டும் வேலை. ஆரம்பத்தில் யாருக்கும் குறையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துயீலியோ என்னைக் காரில் ஏற்றி மேட்டுக்குக் கூட்டிப்போனான். கடைசி பங்களாவின் முன்னால் நிறுத்தி, சாவியை விரலில் சுற்றினான்.

"இது யாருதுடா?"

"உள்ள வாக்கா, சொல்றேன்."

சின்ன வீடுதான். பின்னால் சின்னக் குளம், நீல ஓடு பதித்தது. அவன் பெண்டாட்டி குளத்தோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். எனக்குத் தாகமாக இருந்தது. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். குடித்த வாயோடு அப்படியே நின்றுவிட்டேன். பல் கூசும் குளிர்ச்சி, கடைசியில் லேசாகக் கல் ருசி. வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரில்தான் காபி போடுகிறேன், எனக்குத் தெரியாதா?

"துயீலியோ, இது ஊத்துத் தண்ணிடா."

"தண்ணின்னா ஊத்துல இருந்துதானே வரும், வானத்துல இருந்தா வரும்?"

"பேச்சை மாத்தாதே. ஊத்துக் குழாய் ஊருக்குத்தானே போகுது. இங்க எப்படி ஏறிச்சு?"

அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "இன்னொரு குழாய் போட்டிருக்காங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஊத்துல எக்கச்சக்கமா தண்ணி இருக்குக்கா. ஊருக்கும் போகும், இங்கயும் வரும்."

"இந்த வீடு?"

"தாங்க்ரேதி ரொம்ப நல்ல மனுஷன்" என்றான்.

டம்ளரில் மிச்சமிருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு, என்னைக் கீழே கொண்டுபோய் விடு என்றேன். வழியெல்லாம் அவன்தான் பேசிக்கொண்டே வந்தான்.

மறு வருஷம் மழை ஏமாற்றியது. ஜூனில் சதுக்கத்துத் தொட்டியில் கல் சிங்கத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீர் விரல் அளவாகி, நூல் அளவாகி, சொட்டாகி நின்றது. வீட்டுக் குழாய்களில் காலையில் கொஞ்ச நேரம்தான் வந்தது. ஒலிந்தாவின் தக்காளிச் செடிகள் நின்ற இடத்திலேயே வாடின. மேட்டிலோ குளங்கள் எல்லாம் ததும்பின. வீடு பெருக்கப் போன பெண்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். புல் வெட்டப் போனவர்கள் புல் பச்சையாக இருக்கிறது என்றார்கள்.

ஆனால் யாரும் என் எதிரில் பேசவில்லை. நான் மேயரின் அக்கா அல்லவா. கடைக்குள் நான் நுழைந்தால் பேச்சு அறுந்துபோகும். ஒருநாள் ஒலிந்தா காபி குடித்துவிட்டு, கோப்பையைத் துடைத்தாற்போல் வழித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"கழுவ வேணாம் எர்சீலியா. தண்ணி மிச்சம். மேல யாராவது நீச்சல் அடிக்கட்டும்."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று மத்தியானமே நகராட்சிக்குப் போய் அவன் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்கே அந்தக் குழாயை அடைக்கச் சொல்லு. ஒரு போன் போதும்."

"முடியாதுக்கா. ஒப்பந்தம் போட்டாச்சு. அடைச்சா தாங்க்ரேதி கோர்ட்டுக்குப் போவான். வீடு விஷயமும் வெளிய வரும்."

"ஊரே நாக்குத் தொங்கிக் கிடக்குடா. ஒலிந்தா தோட்டத்தைப் போய்ப் பாரு."

"பார்த்தேன்." கொஞ்ச நேரம் மேஜையைத் தடவினான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "எதுக்கு இவ்ளோ கவலை? ஆகஸ்ட் பதினஞ்சு வரட்டும். வாஸ்கோ கிழிகிழின்னு கிழிப்பான், நான் ஒத்துக்குவேன், தூக்கிப் போடுவாங்க, எழுந்து வந்து எல்லாருக்கும் ஒயின் ஊத்துவேன். தொட்டியோட போச்சு. தர்க்கோனியோ பண்ணாததையா நான் பண்ணிட்டேன்?"

"அந்த ஆளை ரெண்டாயிரம் வருஷமா முக்கிட்டிருக்கோம்டா, மறந்துட்டியா?"

"அதான் பார்த்தியா! என்னை ஒரு தடவை முக்கினா போதும்" என்று சிரித்தான்.

அவன் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினான். தொட்டி எவ்வளவு பெரிய அழுக்கையும் கரைத்துவிடும் என்று. எங்கள் ஊரில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் தொட்டி காய்ந்து கிடந்தது. முக்குவதற்குத் தண்ணீர் இல்லாமல் எப்படி முக்குவது? துயீலியோவே ஏற்பாடு செய்தான். மத்தியானம் மேட்டிலிருந்து ஒரு லாரி தண்ணீர் வந்து தொட்டியை நிரப்பியது. எந்தக் குளத்திலிருந்து உறிஞ்சினார்களோ, சதுக்கம் முழுக்கக் குளோரின் வாடை. ஜனங்கள் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். என் தம்பி லாரிக்காரனுக்குக் கைகாட்டி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கடவுளே, அந்தப் பயலுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

லாரி போனதும் வாஸ்கோ கடைக்குள் வந்தான். எப்போதும் வாசலிலிருந்தே கத்துகிறவன், அன்று என் பக்கத்தில் வந்து நின்று மெல்லப் பேசினான்.

"அக்கா, உங்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரல. நாளைக்கு நாங்க எல்லாரும் வெள்ளை போடறோம்."

"வெள்ளையா?"

"ஆமா. விடுதலை. தூக்கிப் போட மாட்டோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தொட்டியில் முக்காவிட்டால் அவன் குற்றம் கழுவப்படாமல் அப்படியே நிற்கும். "அடப்பாவி, அவன் உன் சிநேகிதன்டா!"

"அதனாலதான்க்கா வலிக்குது. தார் போட்டதுக்கு முக்கினோம், தபாலாபீசுக்கு முக்கினோம். அதெல்லாம் நம்மளோட சேர்ந்து பண்ண திருட்டு. இது அப்படியா? லாரியைப் பார்த்தியா? நம்ம தண்ணியைத் திருடி, அந்தத் தண்ணியிலயே குளிச்சு, நம்ம கையாலயே சுத்தமாகணும்னு நினைக்கிறான். மாட்டோம்."

"நான் அவன்கிட்ட சொல்லுவேன்."

"சொல்லு. ராத்திரிக்குள்ள குழாயை அடைச்சான்னா நானே எல்லார் கையிலயும் கறுப்பைத் திணிக்கிறேன். சத்தியம்."

ஓடினேன். என் வயதுக்கு அப்போதும் ஓட்டம் அழகல்ல, ஆனாலும் ஓடினேன். துயீலியோ வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று விரிப்பைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை அடை, வீட்டைத் திருப்பிக் கொடு, கோர்ட்டுக்குப் போனால் போகட்டும், நான் கடையை விற்றாவது வக்கீல் வைக்கிறேன் என்று கெஞ்சினேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "விடுதலையா? இந்த ஊர்ல எவனுக்குக்கா மேயரைத் தண்ணில தள்ளாம இருக்க மனசு வரும்? வாஸ்கோ உன் காதுல பூ சுத்தறான். இந்த மடிப்பைக் கொஞ்சம் சரி பண்ணு."

மடிப்பைச் சரிசெய்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் சாயங்காலம் சதுக்கம் நிரம்பி வழிந்தது. துயீலியோ மேடையில் ஏறி, வழக்கம்போல் கையை உயர்த்தி, "நானே தர்க்கோனியோ! என்மேல் குற்றம் சொல்ல யாருக்குத் தைரியம்?" என்று முழங்கினான். இந்த இடத்தில் சீழ்க்கையும் கூச்சலும் காதைப் பிளக்கும். அன்று ஒரு குழந்தை மட்டும் ஊளையிட்டது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

வாஸ்கோ முன்னால் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"உங்க மேல எங்களுக்குப் புகார் ஒண்ணும் இல்லீங்க, மேயர் அவர்களே" என்றான்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவன் அவனை 'நீங்க' என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை. என் தம்பியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. இருந்தாலும் சமாளித்தான்.

"என்னடா வாஸ்கோ, வசனம் மறந்துடுச்சா? கேளுடா! இந்த வருஷம் கேக்க எவ்வளவு இருக்கு!"

"எதைக் கேக்கணுங்க?"

"தண்ணியைப் பத்திக் கேளுடா!"

"தண்ணியா? எந்தத் தண்ணிங்க?"

துயீலியோ கூட்டத்தைப் பார்த்தான். "ஒலிந்தா! நீ கேளு! உன் தக்காளி என்னாச்சுன்னு கேளு!"

"தக்காளி நல்லாயிருக்குங்க" என்றாள் ஒலிந்தா. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லாயிருக்கு."

அவன் மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டான். "நான்தான் திருடினேன்! கேக்குதா? மண்ணுக்கடியில குழாய் போட்டு மேட்டுக்கு வித்தேன்! வீடு வாங்கினேன்! நான் குற்றவாளி!" முதலில் தர்க்கோனியோவின் குரலில்தான் கத்தினான். முடிக்கும்போது அது என் தம்பியின் குரலாக இருந்தது. சின்ன வயதில் இருட்டில் என்னைக் கூப்பிடுவானே, அந்தக் குரல். ஆனாலும் ஒன்றைக் கவனித்தேன். குழாயை அடைக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். வாஸ்கோகூட ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு திரும்பி, "மொச்சை போடலாம்" என்றான்.

வரிசை நகர்ந்தது. ஜாடிக்குள் மொச்சை விழும் சத்தம் மட்டும் கேட்டது. மேயரின் சொந்தக்காரர்கள் கடைசியில் போடுவது வழக்கம். அவன் பெண்டாட்டி மேட்டிலிருந்து இறங்கவேயில்லை. ஆக நான் ஒருத்திதான். இரண்டு கூடைகளுக்கும் முன்னால் நின்றேன். வெள்ளைக் கூடை காலியாகக் கிடந்தது. கறுப்புக் கூடை நிரம்பித் ததும்பியது. ஒன்றை எடுத்துப் போட்டேன்.

வாஸ்கோ ஜாடியை மேஜைமேல் கவிழ்த்தான். வெள்ளைக் குவியலின் நடுவே ஒரே ஒரு கறுப்பு. துயீலியோ அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்த ஊரில் அவனைக் குற்றவாளி என்று சொல்ல அன்று ஒரே ஒருத்திதான் இருந்தாள், அது அவனைத் தூக்கி வளர்த்தவள்.

"தர்க்கோனியோவுக்கு விடுதலை" என்றான் வாஸ்கோ. "நீங்க வீட்டுக்குப் போகலாம், மேயர் அவர்களே."

மேஜைகளை யாரும் விரிக்கவில்லை. பன்றி வறுவலைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் மேடைக்குத் தலை வணங்கிவிட்டுப் போனார்கள், பெரிய மனிதர்களுக்கு வணங்குவதுபோல. அடுத்த தேர்தலிலும் அவனுக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள்; மேட்டில் வேலை வேண்டுமே. முன்னைவிட அதிக ஓட்டு. மறு ஆகஸ்டில் அவன் ரோமிலிருந்து ஒரு நடிகனை வரவழைத்தான். அவனுக்குப் பின்னால் வந்த மேயர்களுக்கு அது ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சதுக்கம் காலியானதும் நாங்கள் இருவர்தான் மிஞ்சினோம். கூரைகளில் இன்னும் வெயில் இருந்தது. அவன் மேடையிலிருந்து இறங்கி, விரிப்பைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு தொட்டியின் விளிம்பில் போய் நின்றான்.

"நீயாவது தள்ளுக்கா."

"டேய், வேணாம். வீட்டுக்குப் போலாம் வா."

"தள்ளுக்கா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

இரண்டு கையாலும் முதுகில் வைத்துத் தள்ளினேன். பெரிய சத்தத்தோடு விழுந்தான். குளோரின் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. அவன் எழுந்து மார்பளவு தண்ணீரில் நின்று, தலைமுடியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். எல்லாம் சாத்தியிருந்தன. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைதட்டினேன். சீழ்க்கையடிக்கப் பார்த்தேன், அழுகையில் உதடு குவியவில்லை. மறுபடி கைதட்டினேன்.

"போதும்க்கா" என்றான். "கையைக் குடு."

கொடுத்தேன். நனைந்த துணியோடு கல்லாகக் கனத்தான். அவனைத் தூக்கிவிட எப்போதும் ஐந்தாறு பேர் இருப்பார்கள். நான் இழுத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.